எஸ்.டி.பி. (சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம்) கசடு சும்மா தர்றாங்க, தென்னைக்கு வாங்கிப் போடலாமுங்களா?

கொரங்காட்டான் (காங்கயம் பக்கம்)

வணக்கமுங்க. கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்குங்க.

நமக்கு மூணரை ஏக்கர் தோட்டம். 140 தென்னை, பூராவும் நெட்டை, எங்கய்யன் வெச்சது. ஒரு ஏக்கர் மஞ்சள். அரை ஏக்கர்ல கத்திரி, தக்காளின்னு மாத்தி மாத்திப் போடுவோம். அதுபோக மேட்டுல ரெண்டு ஏக்கர் கொரங்காடு, ஆடுமாடு மேயற காடு. கொழுக்கட்டைப் புல்லு, வெள்வேல மரம், சுத்தியும் கிளுவை வேலி. எங்கய்யன் காலத்துல கட்டுத்தறியில ஒம்பது உருப்படி நிக்கும். இப்ப ரெண்டு மாடு, ஒரு கன்னு, 11 ஆடு. குப்பை எங்கிருந்து வரும்? விலைக்கு வாங்குனா டிப்பர்ல பாதி செம்மண்ணு வருது. போன சித்திரையில வாங்குன லோடுல சாணியைவிட பார்த்தீனிய விதைதான் சாஸ்தி. இன்னும் பிடுங்கிட்டு இருக்கோம்.

விசயம் என்னன்னா, இங்கிருந்து 18 கிலோமீட்டர்ல ஒரு நகராட்சியோட பாதாளச் சாக்கடை நிலையம் இருக்குது. ஊர் பேரு வேண்டாம். என்ற மச்சினன் அங்க கான்ட்ராக்ட்ல டிராக்டர் ஓட்டுறான். சாக்கடைத் தண்ணியைச் சுத்தம் பண்ணுனதுக்கப்புறம் அடியில நிக்கிற கசடைக் காயவெச்சு ஒரு ஓரமாக் குமிச்சு வெச்சிருக்காங்களாம். வண்டியும் ஆளும் நம்மளது, சரக்குக்குக் காசு வேண்டாம். போய்ப் பாத்தேன். வத்துன ஏரி வெடிச்சுக் கிடக்குமில்லைங்க, அப்படிக் கறுப்பா பாளம் பாளமா இருந்துச்சு. மூக்கைப் பொத்தற அளவுக்கு வாசம் ஒண்ணுமில்லை. அரை மூட்டை அள்ளிட்டு வந்து மூணு தொட்டியில வெண்டை நட்டேன். பக்கத்துல குப்பை போட்ட தொட்டியிலயும் நட்டேன். சும்மா சொல்லக் கூடாது, கசடுத் தொட்டி வெண்டை இலை கை அகலத்துக்கு, கரும்பச்சையா வந்துச்சு.

எங்கம்மா தொட்டிகிட்டயே வரலை. "ஊரான் ஊட்டுப் பீயைக் கொண்டாந்து தோட்டத்துல கொட்டி, அதுல காய்ச்ச தேங்காயைச் சாமிக்கு உடைக்கப் போறியா"ன்னு ஒரே பேச்சு. ஊட்டுக்காரி வேற மாதிரி கேட்டா. "இதை யார் அள்ளி இறைக்கிறது? களை வெட்ட வர்ற பொம்பளைங்க வெறுங்காலோட நிப்பாங்களே, அவங்ககிட்ட இது இன்னதுன்னு சொல்லுவீங்களா மாட்டீங்களா?" எனக்கு அதுக்குப் பதில் இல்லைங்க.

இதுக்கு நடுவால செப்டிக் டேங்க் லாரிக்காரர் ஒருத்தர், "எதுக்கு 18 கிலோமீட்டர் போறீங்க, நானே வந்து தென்னை வரிசைக்கு நடுவால வாய்க்கால்ல உட்டுட்டுப் போறேன், லோடுக்கு 200 ரூபா கையில தர்றேன்"ங்கறார். காசு கொடுத்து எருவும் தர்றாங்கன்னா அதுலதான் எனக்குச் சந்தேகம்.

தென்னைக்குப் போடலாமா, மஞ்சளுக்குப் போடலாமா, கொரங்காட்டுல இறைச்சுட்டா புல்லு நல்லா வருமா, இதுல விஷம் கிஷம் ஏதும் இருக்குமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. தெரியாதவங்க "இயற்கைக்கு மாறாதீர்கள்"னு எழுத வேண்டாமுங்க, அதை எழுத நானே போதும்.

மண்புழு_திருவாரூர்

தாராளமாப் போடுங்க தோழர். இதெல்லாம் புதுசு இல்ல. ஒவ்வொரு ஊர்லயும் 'உரக்கிடங்கு'ன்னு ஒரு இடம் இருக்கே, இப்ப குப்பை மலையா எரிஞ்சுகிட்டு இருக்கிற அதே இடம்தான், அந்தப் பேர் எப்படி வந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா? ஊர்க் குப்பையையும் எடுப்புக் கக்கூஸ் மலத்தையும் அடுக்கடுக்காப் போட்டு மக்க வச்சு, விவசாயிக்கு வண்டிக் கணக்குல வித்த இடம் அது. 1939ல பெங்களூர்ல ஆச்சார்யாங்கிற விஞ்ஞானி அதுக்கு ஒரு முறையே வகுத்தார். பெங்களூர் முறைன்னே பேர். மதுரை அவனியாபுரத்துல சாக்கடைத் தண்ணியிலேயே தீவனப்புல் வளர்த்தாங்க. மாட்டுச் சாணின்னா மணக்குது, மனுசச் சாணின்னா நாறுதா? நுண்ணூட்டம் எல்லாம் அதுல இருக்கு. யூரியாக் கம்பெனிக்காரன்தான் நம்மள முகம் சுளிக்க வச்சான்.

பம்ப்ஹவுஸ்

சென்னையில் கழிவுநீர் நிலையங்களில் 27 வருஷம் வேலை பார்த்தேன். ஆபரேட்டராகச் சேர்ந்து, கடைசி எட்டு வருஷம் லேபில். ஓய்வு பெற்றும் கையை மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவும் பழக்கம் போகவில்லை.

முதலில் அந்த லாரி. வேண்டவே வேண்டாம். அது கசடு இல்லை, பச்சை மலம். நீங்கள் பார்த்த கறுப்புப் பாளம் சில கட்டங்களைத் தாண்டி வந்தது. டேங்கரில் வருவது எதையும் தாண்டவில்லை. நேற்றைக்குப் போன டைஃபாய்டுக்காரர் வீட்டுத் தொட்டி, கல்யாண மண்டபத் தொட்டி, மெக்கானிக் ஷெட் தொட்டி எல்லாம் ஒரே வயிற்றில். அதை நிலையத்தில் இறக்கினால் அவர் கட்டணம் கட்ட வேண்டும், டீசலும் செலவு. உங்களுக்கு 200 கொடுத்தாலும் அவருக்கு லாபம்தான். உங்கள் கிணறு எத்தனை அடியில் இருக்கிறது என்று அவர் கேட்டாரா?

இனி நிலையத்துக் கசடு. இதைச் சுலபமாக இப்படி நினைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் எவ்வளவுக்கு எவ்வளவு சுத்தமாகிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு அழுக்கு கசடில் உட்கார்ந்திருக்கிறது. நிலையத்தின் வேலையே அதுதான். சத்தும் அங்கேதான் உட்காரும், புழு முட்டையும் அங்கேதான், ஈயமும் காட்மியமும் அங்கேதான். அதனால் "நல்லதா கெட்டதா" என்று பொதுவாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. எந்த ஊர்க் கசடு, எப்படிக் காய்ந்தது, எந்தப் பயிருக்கு என்று கேட்க வேண்டும்.

உங்கள் மச்சினனிடம் ஒன்றைக் கேளுங்கள். அங்கே டைஜெஸ்டர் இருக்கிறதா? கொடுங்கையூர், கோயம்பேடு மாதிரிப் பெரிய நிலையங்களில் கசடை மூடிய தொட்டியில் இருபது முப்பது நாள் காற்றில்லாமல் புளிக்க வைப்பார்கள். அதில் வரும் வாயுவில் ஜெனரேட்டர் ஓட்டி, நிலையத்துக்கு வேண்டிய கரண்டில் ஒரு பங்கை எடுப்பார்கள். சின்ன ஊர்களில் இப்போது வந்திருக்கும் எஸ்.பி.ஆர். (ஒரே தொட்டியில் காற்றடித்து, தெளியவைத்து, முறை முறையாகச் சுத்திகரிக்கும்) நிலையங்கள் பலவற்றில் டைஜெஸ்டர் கிடையாது. காற்றடித்த கசடை நேராகப் பிழிந்து கேக்காகத் தள்ளிவிடுவார்கள், அல்லது மணல் படுக்கையில் காயப்போடுவார்கள். இரண்டும் பார்க்க ஒரே கறுப்புதான்.

டைஜெஸ்டரே இருந்தாலும் அது 35 டிகிரி சூட்டில் ஓடுவது. கிருமி பெருமளவு குறையும், நாக்குப்பூச்சி முட்டை சாகாது. அதன் ஓடு அப்படி. வெயில் பாளத்தின் மேல்பக்கத்தைத்தான் வறுக்கும், உள்ளே ஈரமாகவே இருக்கும். இதைச் சொல்ல எனக்கு மைக்ராஸ்கோப் தேவைப்பட்டதில்லை. காயும் படுக்கைக்குப் போனால் தக்காளிச் செடி முளைத்து நிற்கும். யாரும் விதைத்ததில்லை. மனிதன் வயிற்றில் போய், சாக்கடையில் ஓடி, தொட்டி தொட்டியாக உருண்டு, படுக்கைக்கு வந்த தக்காளி விதை அங்கே முளைக்கிறது. சில வருஷம் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். புதிதாக வரும் பையன்கள் பறித்துச் சட்னி அரைக்கப் பார்ப்பார்கள், நாங்கள் விரட்டுவோம். தக்காளி விதை பிழைக்கிற சூட்டில் புழு முட்டையும் பிழைக்கும். நீங்கள் அடுத்த முறை போகும்போது குவியலின் மேலே எட்டிப் பாருங்கள். தக்காளி நின்றால் அந்தச் சரக்கு இன்னும் பச்சை என்று அர்த்தம்.

உங்கள் மனைவி கேட்டதுதான் இந்தத் திரியிலேயே சரியான கேள்வி. கொக்கிப்புழு வாய் வழியாக வர வேண்டியதில்லை, வெறுங்காலில் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறும். தேங்காய் 50 அடி உயரத்தில் பத்திரமாக இருக்கும். கீழே நிற்கிறவர்களுக்குத்தான் ஆபத்து. என்னோடு வேலை பார்த்தவர்களில் வருஷா வருஷம் பூச்சி மாத்திரை போடாதவர் யாருமில்லை. கம் பூட்டும் கையுறையும் வாங்கித் தராமல் யாரையும் அதில் இறக்காதீர்கள். இது இன்னது என்று சொல்லியும் விடுங்கள். சொன்னால் வர மாட்டார்கள் என்றால், டிராக்டரில் நீங்களே இறைக்க வேண்டியதுதான்.

கொரங்காட்டில் போடவே கூடாது. ஆடுமாடு புல்லோடு சேர்த்துக் கசடையும் மேயும். மனித நாடாப்புழுவின் முட்டை மாட்டுக்குள் போய்க் கறியில் கட்டியாக உட்காரும், அதைச் சரியாக வேகாமல் தின்கிறவனுக்குத் திரும்ப வரும். தவிர, கொரங்காடு எருவே கேட்காத நிலம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அதை ஏன் தொந்தரவு செய்கிறீர்கள்?

மஞ்சளுக்கும் வேண்டாம். மண்ணுக்குள் விளைவது. அமெரிக்காவில் 1993இல் இதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்தார்கள். அரைகுறையாகச் சுத்திகரித்த கசடைப் போட்ட நிலத்தில் கிழங்கு வகை அறுவடை செய்ய, அந்தக் கசடு மண்ணோடு கலக்காமல் நிலத்தின் மேலே எத்தனை மாதம் கிடந்தது என்பதைப் பொறுத்து 20 மாதமோ 38 மாதமோ காத்திருக்க வேண்டும். மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் காய்க்கு 14 மாதம். உங்கள் தக்காளி, கத்திரியில் அடிக்கிளைக் காய் இதில் வந்துவிடும். மரத்தில் காய்ப்பதற்கு 30 நாள் போதும். ஆக, மிச்சம் இருப்பது தென்னை.

தென்னைக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போடலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகச் சிபாரிசு, காய்க்கிற நெட்டை மரத்துக்கு வருஷத்துக்குத் தொழுவுரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. தொழுவுரத்துக்குப் பதில் 50 கிலோ கசடு போடுகிறீர்கள் என்று வையுங்கள். பாதி ஈரம். மிச்சம் 25 கிலோவில் தழைச்சத்து நூற்றுக்கு இரண்டு என்றால் அரை கிலோ. முதல் வருஷத்தில் மரத்துக்குக் கிடைப்பது அதில் சுமாராகக் கால்வாசி. மணிச்சத்து தாராளமாக இருக்கும். சாம்பல்சத்துதான், அதாவது பொட்டாஷ்தான், இல்லை. அது தண்ணீரில் கரைந்து சுத்திகரித்த நீரோடு போய்விடும், கசடில் நிற்காது. தென்னை எதிர்பார்ப்பதோ முக்கியமாக அதைத்தான். இலை கரும்பச்சையாக வரும், குரும்பை கொட்டும். "கசடு போட்டேன், உரம் போடவில்லை" என்று இருந்துவிடாதீர்கள். பொட்டாஷைக் குறைக்கவே கூடாது.

உங்கள் வெண்டைக்கும் இதே கதைதான். இலையைச் சொன்னீர்கள், காயைச் சொல்லவில்லையே?

அடுத்து விஷம். அந்த ஊரில் எலக்ட்ரோபிளேட்டிங் பட்டறை, பேட்டரி உருக்குகிற இடம், சாயப்பட்டறை, தோல் பதனிடுகிற இடம் ஏதாவது சாக்கடையில் கலக்கிறதா? கலந்தால் பேச்சே இல்லை, விட்டுவிடுங்கள். இல்லையென்றாலும் ஒரு தடவை லேபில் கொடுத்துப் பாருங்கள். நம் நாட்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கம்போஸ்டுக்கு வரம்பு இருக்கிறது. ஒரு கிலோவில் காட்மியம் 5 மில்லிகிராம், ஈயம் 100, குரோமியம் 50, நிக்கல் 50, தாமிரம் 300, துத்தநாகம் 1000, ஆர்சனிக் 10, பாதரசம் 0.15. இது அமெரிக்க விதியைவிட ரொம்பக் கெடுபிடி. அவர்கள் கசடில் காட்மியம் 85 வரை விடுகிறார்கள். வீட்டுச் சாக்கடை மட்டும் வரும் ஊரிலேயே ஜி.ஐ. பைப்பு, பித்தளைக் குழாய் வழியாகத் துத்தநாகமும் தாமிரமும் இந்த வரம்பைத் தொடப் பார்க்கும். உங்கள் பக்கத்துச் சுண்ணாம்பு மண் இந்த உலோகங்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பயிருக்குச் சுலபமாக விடாது. அது ஒரு அதிர்ஷ்டம். ஆனால் பிடித்தது போகவும் போகாது. உங்கள் பேரனுக்கும் அதே மண்தான்.

மண்புழு தம்பிக்கு: உரக்கிடங்கு சொன்னது சரி. ஆனால் பெங்களூர் முறையில் குழியை மண் போட்டு மூடி ஆறு மாதத்துக்கு மேல் தொட மாட்டார்கள். அந்தக் காலத்துக் குப்பையில் ஷாம்பூ பாக்கெட்டும் பென்சில் பேட்டரியும் கிடையாது. அதையும் சொல்லுங்கள்.

சித்தூர்க்காரன்

பாலக்காடு சித்தூர் தாலூக்காவிலிருந்து எழுதுறேன். எங்க பக்கம் பிளாச்சிமடை எல்லாருக்கும் தெரியும். 2000ல வந்த குளிர்பான ஆலை, கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு போராட்டம், அதெல்லாம் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. பலர் மறந்தது, அந்த ஆலைக் கசடை 'உரம்'னு சொல்லி விவசாயிங்களுக்குக் கொடுத்ததை. 2003ல பி.பி.சி. ரேடியோக்காரங்க அதை எடுத்துட்டுப் போய் இங்கிலாந்துல பரிசோதிச்சப்பதான் காட்மியமும் ஈயமும் வெளிய வந்துச்சு. அதுக்கப்புறம்தான் கொடுக்கறதை நிறுத்தச் சொன்னாங்க. அது ஆலைக் கசடு, உங்களது ஊர்ச் சாக்கடை, வேற வேறதான். ஆனா சும்மா கொடுக்கற எருவை வாங்கறதுக்கு முன்னாடி லேப் ரிப்போர்ட் கேக்கணும்னு நாங்க கத்துக்கிட்டது அப்பதான்.

பல்லடத்துப் பொண்ணு (இப்போ மில்வாக்கி)

அண்ணா, நான் பல்லடம். கல்யாணம் ஆகி வந்து ஒன்பது வருஷமா அமெரிக்காவுல மில்வாக்கியில இருக்கேன். இந்தத் தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பு வந்துடுச்சு. எங்க ஊர் சாக்கடைக் கசடு இங்கே பிராண்டு உரம். மில்லார்கனைட்னு பேரு, 1926லேர்ந்து விக்கறாங்க. பெரிய உருளைச் சூளையில சுட்டு, கடுகு மாதிரி மணியாக்கி, பையில போட்டு ஹார்டுவேர் கடையில அடுக்கியிருப்பாங்க. எங்க பக்கத்து வீட்டுத் தாத்தா வாசப் புல்லுக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை போடுவார். மழை பேஞ்சா தெருவே ஒரு மாதிரி மணக்கும், யாரும் அதைப் பத்திப் பேச மாட்டாங்க.

பம்ப்ஹவுஸ் ஐயா சொன்னதைப் படிச்சுட்டுக் கராஜுல போய்ப் பையைத் திருப்பிப் பார்த்தேன். 6-4-0. கடைசி நம்பர்தானே பொட்டாஷ்? சைபர்!

ஆனா இங்கேயே இன்னொரு பக்கமும் இருக்கு. மேய்ன் மாநிலத்துல 2022லேர்ந்து கசடை நிலத்துல போடவே கூடாதுன்னு சட்டம். காரணம் பி.எஃப்.ஏ.எஸ்.னு ஒரு ரசாயனக் குடும்பம். ஒட்டாத தவா, தண்ணி ஒட்டாத ஜாக்கெட், கறை பிடிக்காத கார்ப்பெட், எண்ணெய் இறங்காத பேப்பர் தட்டு இதுலெல்லாம் இருக்கலாம். நுண்ணுயிர் தின்னாது, வெயில்ல அழியாது. எப்பவோ முன்னாடி கசடு போட்ட புல்லை மேஞ்ச மாட்டுப் பால்ல வந்துச்சு. பால் பண்ணைங்க மூடிட்டாங்க. அந்த விவசாயிங்க கவர்ன்மென்ட் சொன்ன உரத்தைத்தான் போட்டிருந்தாங்க, விதியை மீறல. அவங்களுக்காக மாநிலம் 6 கோடி டாலர் நிதி ஒதுக்குச்சு. 2025 ஜனவரியில மத்திய சுற்றுச்சூழல் ஏஜென்சி ஒரு வரைவு அறிக்கை விட்டாங்க. கசடுல இந்த ரசாயனத்துல ரெண்டு வகை நூறு கோடியில ஒரு பங்கு இருந்தாலே ஆபத்து வரலாம்னு. யாருக்குன்னு படிச்சப்பதான் பக்குன்னுச்சு. கடையில வாங்கித் திங்கிற ஜனங்களுக்கு இல்லையாம், அந்தத் தோட்டத்துலயே குடியிருந்து, அங்க விளைஞ்சதையும் அங்க கறந்ததையும் சாப்பிடறவங்களுக்காம். அதாவது நீங்க, அம்மா, அண்ணி.

நம்ம ஊர் வரம்புப் பட்டியல்ல இந்த ரசாயனம் இல்லவே இல்லைங்கறதையும் மனசுல வெச்சுக்குங்க. சின்ன ஊர்ச் சாக்கடையில இங்க அளவுக்கு இருக்காதுன்னு நினைக்கிறேன். ஆனா திருப்பூர் பக்கம்னா நான் யோசிப்பேன். துணிக்குத் தண்ணி ஒட்டாத ஃபினிஷிங் கொடுக்க இதையும் பயன்படுத்துவாங்க.

கொரங்காட்டான்

எல்லாருக்கும் கும்புடுங்க. பம்ப்ஹவுஸ் ஐயா எழுதுனதை ஊட்டுக்காரிகிட்ட படிச்சுக் காட்டுனேன். "சரியான கேள்வி"ன்னு சொன்ன இடத்துல மட்டும் ரெண்டு தடவை படிக்கச் சொன்னா.

வெண்டைக் காய் விசயத்துல புடிச்சுட்டீங்க. இலைதான் பெருசு. காய் குப்பைத் தொட்டியில வந்த அளவுகூட வரலைங்க. அதை நான் எழுதாம உட்டது நெசந்தான்.

லாரிக்காரருக்கு வேண்டாம்னு சொல்லிட்டேன். கிணறு 70 அடிங்க, தென்னை வாய்க்கால்ல இருந்து 40 அடி தூரந்தான்.

நேத்து மச்சினனைக் கூட்டிட்டுத் திரும்பப் போனேன். டைஜெஸ்டர் இல்லீங்களாம். மணல் படுக்கைதான். குமியல் மேல ஏறிப் பாத்தேன். தக்காளி! ஒண்ணு ரெண்டு இல்லீங்க, நாத்துப் பாத்தி மாதிரி. ஒரு செடியில ஆறு பழம் செவந்து தொங்குது. கூடவே ஒரு பூசணிக் கொடி. கையில எடுத்து ஒடைச்ச பாளத்துல ஷாம்பூ பாக்கெட் ரெண்டு, மயிரு, காது குடையற பட்ஸ், இன்னும் என்னென்னமோ. போன தடவை எப்படித்தான் என் கண்ணுல படாமப் போச்சுன்னு தெரியலை. சும்மா கிடைக்குதுன்னா கண்ணு அப்படித்தான் போல.

சாயப்பட்டறை ஏதும் அந்த ஊர்ல இல்லை. பேட்டரிக் கடைங்க இருக்குது, பட்டறை இல்லைங்கறாங்க. ரிப்போர்ட் கேட்டேன். எப்பவோ எடுத்தது இருக்குதாம், சார் வந்தாத்தான் தெரியுமாம். சார் எப்ப வருவாருன்னு யாருக்கும் தெரியலை. அதனால அஞ்சு இடத்துல அள்ளி, கலந்து, ஒரு கிலோவை நானே கோயமுத்தூர்ல ஒரு தனியார் லேபுக்குக் கொடுத்திருக்கறேன். எட்டு உலோகத்துக்கும். பி.எஃப்.ஏ.எஸ். பாப்பீங்களான்னு கேட்டதுக்கு அந்தப் பொண்ணு ஸ்பெல்லிங் கேட்டுச்சு.

ஒரு சந்தேகமுங்க. ரிப்போர்ட் நல்லபடியா வந்தா, அந்தப் பச்சைச் சரக்கை நானே பக்குவம் பண்ண முடியுங்களா?

பம்ப்ஹவுஸ்

முடியும். ஒரு டிராக்டர் லோடுக்கு மேல் எடுக்காதீர்கள், முதல் தடவை. கிணற்றுக்கு எதிர்ப்பக்கம், மேடான இடம், கீழே தார்ப்பாய். கசடு ஒரு பங்கு, தென்னை மட்டைத் தூளோ நார்க்கழிவோ காய்ந்த சருகோ மூன்று பங்கு. கசடு மட்டும் தனியாகச் சூடு ஏறாது, அதற்குக் காற்றும் கார்பனும் வேண்டும். இடுப்பளவு உயரத்துக்கு நீளக் குவியலாகப் போடுங்கள். கையில் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது.

மூன்றாம் நாள் கடப்பாறையை நடுவில் செருகிப் பத்து நிமிஷம் கழித்து உருவுங்கள். பிடிக்க முடியாமல் கையை எடுத்தால் 55 டிகிரி பக்கம் வந்துவிட்டது. அதுவும் உத்தேசம்தான், 300 ரூபாய்க்குத் தெர்மாமீட்டர் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். அந்தச் சூட்டில் 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் ஐந்து தடவை புரட்ட வேண்டும், வெளியே இருப்பது உள்ளே போகிற மாதிரி. அதற்கப்புறம் மூடி ஒரு வருஷம் விட்டுவிடுங்கள். விதி ஒரு வருஷம் என்று சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

கடைசியில் ஒரு தொட்டியில் அந்த எருவை மட்டும் போட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். தக்காளி முளைக்காமல் இருந்தால் மரத்துக்குப் போடலாம். பாத்தியில் போட்டு மண் மூட வேண்டும், மேலே விட்டுவிடக் கூடாது. ஒரே மரத்துக்கு வருஷா வருஷம் போடாமல் வரிசை மாற்றிப் போடுங்கள்.

உலோகத்தைச் சூடு ஒன்றும் செய்யாது. ரிப்போர்ட்டில் வரம்பைத் தாண்டியிருந்தால் கடப்பாறைக்கு வேலையே இல்லை.

கொரங்காட்டான்

ரிப்போர்ட் வந்துடுச்சுங்க. ஏழு உலோகம் வரம்புக்குள்ள. துத்தநாகம் மட்டும் 1,140. ஐயா சொன்ன மாதிரியே.

தென்னைக்குத் துத்தநாகம் கொஞ்சம் சாஸ்தியானா பெருசா பாதகமில்லை, மூணு பங்கு மட்டைத்தூள் சேந்தா அளவும் எறங்கிரும்னு மச்சினன் கணக்குச் சொல்றான். கணக்கு சரிதான். ஆனா மண்ணுல சேர்றது சேர்றதுதானேங்க. அதனால ஒரே ஒரு லோடு. 40 மரத்துக்கு மட்டும், ஒரே ஒரு வருஷம். மிச்ச மரத்துக்கு எருவுக்காக ராத்திரி ஆட்டை அடைச்சுப் பட்டி போட ஆட்டுக்காரர்கிட்ட பேசியிருக்கறேன், ஒரு ராத்திரிக்கு எவ்வளவு கேப்பாருன்னு பாக்கலாம்.

குமியல் போட்டு இன்னிக்கு நாலாம் நாளு. கம் பூட்டு போட்டுட்டு நானும் மச்சினனுந்தான் கலந்தோம், ஆளுங்களை உடலை. காத்தால கடப்பாறையை உருவுனேன், தொட்ட கையை எடுத்துட்டேன்.

அம்மாகிட்ட பேசி முடிச்சாச்சு. ஊட்டுக்கு மேக்கால இருக்கற ஆறு மரத்துக்கு இந்த எரு வராது. சாமிக்கு உடைக்கறது அதுல இருந்துதான் பறிக்கணுமாம். மரத்துக்குச் சுண்ணாம்புல பட்டை அடிச்சு வெச்சுட்டாங்க.